மூட்டைக்கு முன்னால் போக வேண்டிய ‘சரி’: போர்ப்பகுதிக்குள் நிவாரணம் கொண்டுசெல்லப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிவாரண அமைப்பு ஒன்றில் அனுமதி வாங்கும் வேலைக்குப் புதிதாக வந்தவர் முதல் வாரமே குழம்பிப்போவது ஒரே விஷயத்தில்தான். கிடங்கில் சரக்கு இருக்கிறது, லாரி இருக்கிறது, அமைச்சகத்தின் முத்திரை குத்திய கடிதமும் இருக்கிறது. வண்டி மட்டும் நகரவில்லை. தலைநகரில் ஒருவர் ‘சரி’ சொல்லிவிட்டார். அந்தச் ‘சரி’, பல நூறு கிலோமீட்டர் தள்ளி, சாலைக்குக் குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையனிடம் வந்து சேரவில்லை. அதைக் கொண்டுசேர்ப்பதுதான் இனி உங்கள் வேலை.

பொதுவாகப் பேசினால் இது எதுவும் மனதில் நிற்காது. அதனால் பெரும்பாலும் சூடானையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 2023 ஏப்ரல் 15 முதல் அங்கே ஜெனரல் புர்ஹானின் ராணுவமும், ஹெமெத்தி என்று அழைக்கப்படும் முகமது ஹம்தான் தகலோவின் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படையும் மோதிக்கொண்டிருக்கின்றன. அனுமதிச் சிக்கலில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் அங்கே இருக்கிறது.

முதல் வேலை: சாவி யாரிடம், சாலை யாரிடம்

சாட் நாட்டின் கிழக்கு எல்லையில் அத்ரே என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து எல்லையைத் தாண்டினால் சூடானின் மேற்கு தார்ஃபூர் மாநிலம். சற்றுத் தூரத்தில் அல் ஜெனீனா நகரம். தார்ஃபூருக்கு உணவு கொண்டுபோக அதுதான் குறுக்குவழி. எல்லைக்கு அப்பால் உள்ள மண் ஆர்.எஸ்.எஃப். வசம். ஆனால் எல்லையைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுத்தது, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் செங்கடல் கரையில், போர்ட் சூடானில் உட்கார்ந்திருந்த புர்ஹானின் அரசு. அத்ரே வழியாக எதிரிக்கு ஆயுதம் போகிறது என்று சொல்லி 2024 பிப்ரவரியில் அந்த வழியை மூடியது. பதிலாக வடக்கே தீனா என்ற வழியைத் தந்தது. அங்கே மழைக்காலம் வந்தால் ஓடைகளில் வெள்ளம் புரளும், லாரிகள் நாள்கணக்கில் நிற்கும்.

ஆக, சாவி ஒருவரிடம், சாலை இன்னொருவரிடம். இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு தரப்பிடம் மட்டும் பேசி முடித்துவிட்டு ‘அனுமதி கிடைத்துவிட்டது’ என்று தலைமையகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு பெரிய தாளை எடுங்கள். கிடங்கிலிருந்து கடைசிக் கிராமம் வரை பாதையை வரையுங்கள். ஒவ்வொரு சோதனைச் சாவடிக்கும் நேராக மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: இங்கே நிற்பவர் யார்? அவர் யாருடைய பேச்சைக் கேட்பார்? அந்த ஆள் யாருடைய பேச்சைக் கேட்பார்? மூன்றாவது விடைக்குப் பெரும்பாலும் எந்தப் பதவிப் பெயரும் இருக்காது. ஊர்ப் பெரியவர், பள்ளிவாசல் இமாம், தளபதியின் தாய்மாமன், லாரிக்காரர்களுக்கு டீசல் விற்கும் வியாபாரி, இப்படி யாராவது ஒருவராக இருப்பார். வேலை நடப்பது அவர் வீட்டுத் திண்ணையில்தான்.

சூடானில் அரசுத் தரப்பில் நிவாரண அமைப்புகளைக் கையாள ஓர் ஆணையம் இருக்கிறது. ஆர்.எஸ்.எஃப். தரப்பும் தனக்கென்று ஒரு நிவாரண முகமையை வைத்திருக்கிறது. இரண்டும் தனித்தனியாகப் பதிவு கேட்கும், பயண அனுமதி கேட்கும். ஒன்றின் முத்திரை இன்னொன்றின் சாவடியில் செல்லாது. சில நேரம் அந்த முத்திரை கண்ணில் படுவதே வம்பு. கோப்புகளை இரண்டு பையில் வையுங்கள்.

பையில் வைத்திருக்க வேண்டிய சட்டம்

1949 ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கிலும் 3ஆம் பிரிவு ஒன்றே. உள்நாட்டுப் போருக்குப் பொருந்துவது அதுதான். அதில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு வரிகள். செஞ்சிலுவைச் சங்கம் போன்ற பாரபட்சமற்ற மனிதாபிமான அமைப்பு, போரிடும் தரப்புகளிடம் தன் சேவையை அளிக்க முன்வரலாம் என்பது ஒன்று. இந்தப் பிரிவின்படி நடப்பதால் எந்தத் தரப்பின் சட்ட நிலையும் மாறிவிடாது என்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது வரியை மனப்பாடமே செய்துவிடலாம். “நீங்கள் அவர்களோடு உட்கார்ந்து பேசினால் அவர்களை அங்கீகரித்தது போலாகாதா?” என்று அரசு அதிகாரி கேட்பார். கேட்காத அதிகாரியை நான் சந்தித்ததில்லை. அப்போது எடுத்துக் காட்ட வேண்டிய வரி அது.

அந்த உடன்படிக்கைகளோடு சேர்த்த 1977இன் முதல் கூடுதல் நெறிமுறை, 70ஆம் பிரிவு: நிவாரணம் தர முன்வருவதைப் போரில் தலையிடுவதாகவோ பகைச் செயலாகவோ கருதக் கூடாது. இரண்டாவது நெறிமுறை, 18ஆம் பிரிவு: உள்நாட்டுப் போரில் நிவாரணத்துக்கு அந்த அரசின் ஒப்புதல் வேண்டும். இந்த ஒப்புதலைத் தான்தோன்றித்தனமாக மறுக்க முடியாது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பட்டினியைப் போர் ஆயுதமாக்குவதைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 2018இல் நிறைவேற்றிய 2417ஆம் தீர்மானமும் கைவசம் இருக்கட்டும்.

ஆனால் முதல் சந்திப்பிலேயே சட்டத்தை எடுத்து மேசைமேல் போடாதீர்கள். எதிரே இருப்பவர் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதாக நினைத்துக்கொள்வார். பேச்சு முட்டி நிற்கும்போது, “இதற்கு ஒப்புக்கொண்டால் உங்களுக்கு எந்தப் பாதகமும் இல்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது” என்று அவர் இறங்கிவர ஒரு படியாகக் கொடுங்கள். சட்டம் அங்கேதான் உதவும்.

கேட்பது எதை?

‘தடையற்ற அணுகல் வேண்டும்’ என்பது அறிக்கைக்கு உரிய வாசகம். அதை ஒரு தளபதியிடம் கேட்டால் அவரால் மறுக்க மட்டுமே முடியும். கேட்பதைச் சின்னதாக்குங்கள்: “அடுத்த மாதம் 12 முதல் 16ஆம் தேதி வரை. 18 லாரி. சோளம், பருப்பு, எண்ணெய். இந்தப் பாதை, இந்த மூன்று ஊர்கள். திரும்பும்போது வண்டி காலியாக வரும். நீங்களே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.” இதற்கு ‘ஆம்’ சொல்வதில் அவருக்கு என்ன ஆபத்து என்று அவரே எண்ணிப் பார்த்துவிட முடியும். (சோளம் என்றது நம் ஊர் வெள்ளைச் சோளமேதான். சூடானின் அன்றாடச் சோறு அது.)

இப்படிச் சின்னதாகக் கேட்டு ஜெயித்த கதைகளில் எனக்குப் பிடித்தது மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோர். அங்கே ராணுவத்துக்கும் கெரில்லாக்களுக்கும் கடும் போர். ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபின் அன்றைய தலைவர் ஜேம்ஸ் கிராண்ட், அதிபர் துவார்தேயிடம் போர்நிறுத்தம் கேட்கவில்லை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஆண்டில் மூன்று நாட்கள் கேட்டார். கெரில்லாக்களிடம் தூது போனது கத்தோலிக்கத் திருச்சபை. 1985இல் அந்த மூன்று நாட்களும் துப்பாக்கிகள் ஓய்ந்தன, சுமார் 2.5 லட்சம் குழந்தைகளுக்கு ஊசி போடப்பட்டது. போர் முடியும்வரை ஆண்டுதோறும் அது தொடர்ந்தது. யாரும் தோற்றதாகவோ வென்றதாகவோ ஆகவில்லை. இரு தரப்புக்கும் குழந்தைகள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அதே கிராண்ட் 1989இல் சூடானில் இன்னும் பெரியதாகக் கேட்டார். அரசும் ஜான் கராங்கின் தெற்குக் கிளர்ச்சிப் படையும் ஒப்புக்கொண்ட பாதைகளில் இரு பக்கத்துக்கும் உணவு போகும் என்ற ஏற்பாடு. ‘லைஃப்லைன் சூடான்’ என்று பெயர். பல லட்சம் பேருக்குச் சோறு போட்ட ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த விமானம் எங்கே இறங்கலாம் என்பதற்குக் கார்ட்டூம் அரசின் தலையசைப்பு தேவை என்ற ஒரு ஷரத்து உள்ளே இருந்தது. 1998 தொடக்கத்தில் தெற்கே பஹர் எல் கஸாலில் பஞ்சம் தலைகாட்டியபோது அரசு விமானங்களைத் தடுத்தது. கையெழுத்திடும் நாளில் சாதாரணமாகத் தோன்றும் ஷரத்து, பஞ்ச நாளில் கழுத்தைப் பிடிக்கும். ஒப்பந்த வரைவைப் படிக்கும்போது ‘மிக மோசமான மாதத்தில் இந்த வரியை இவர்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள்?’ என்று ஒவ்வொரு வரியையும் கேளுங்கள்.

அவர்கள் கேட்பவை

நீங்கள் கேட்டால் அவர்களும் கேட்பார்கள். போவதற்கு முந்தின இரவே ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: நானே முடிவெடுக்கக் கூடியது, மேலதிகாரியைக் கேட்க வேண்டியது, எவருமே தர முடியாதது. மேசையில் உட்கார்ந்த பிறகு மூன்றாவது கட்டத்தை யோசிக்கத் தொடங்கினால் ஏதாவது ஒன்றை இழந்துவிட்டுத்தான் எழுந்திருப்பீர்கள்.

நேரம், தேதி, பாதை, சோதனை செய்யும் முறை எல்லாம் முதல் கட்டம். தாராளமாக விட்டுக்கொடுங்கள். பதிவுக் கட்டணம், உள்ளூர் ஆள்களை வேலைக்கு வைப்பது, எந்த லாரி கம்பெனி என்பதெல்லாம் இரண்டாவது. இவற்றில்தான் பணம் ஒழுகும். லாரி ஒப்பந்தத்தைத் தளபதியின் உறவினருக்கே தர வேண்டியிருப்பது பல இடங்களில் நடக்கும் கதை. அதைப் பற்றி வெளியே பேச யாருக்கும் விருப்பமில்லை. மேலதிகாரிக்குத் தெரியாமல் மட்டும் செய்யாதீர்கள்.

மூன்றாவது கட்டத்தில் முதலில் எழுத வேண்டியது பெயர்ப்பட்டியல். “யார் யாருக்குக் கொடுக்கிறீர்கள்? பெயர், தகப்பன் பெயர், ஊர், தொலைபேசி எண் கொடுங்கள்” என்பார்கள். நியாயமான கேள்வி போலவே இருக்கும். எந்த வீட்டில் ஆண் இல்லை, யார் எந்த ஊரிலிருந்து ஓடிவந்தவர், எந்த இனம் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் தெரிந்துவிடும். தார்ஃபூரில் இனத்தைப் பார்த்துக் கொன்றார்கள் என்பதை மறக்க வேண்டாம். எண்ணிக்கையைக் கொடுங்கள், ஊர்வாரியாக அளவைக் கொடுங்கள், பெயரைக் கொடுக்காதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. பட்டியல் முழுவதையும் உள்ளூர் அதிகாரமே தயாரித்தால் சோறு யார் வீட்டுக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஏமனில் 2019 ஜூனில் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம், ஹூதி கிளர்ச்சியாளர்களின் பிடியில் இருந்த சனா நகரில் உதவியைப் பகுதியளவில் நிறுத்தியது. உணவு திசைமாறுகிறது, கைரேகை முறையில் பதிவு செய்ய விடுங்கள் என்பது அவர்கள் வாதம். சுமார் 8.5 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். இரு தரப்பும் உடன்பட்டு ஆகஸ்ட்டில் மறுபடி தொடங்கியது. நிறுத்துவதும் ஒரு பேரம்தான். ஆனால் அந்த இரண்டு மாதத்தின் பசியைச் சுமந்தவர்கள் பேச்சு மேசையில் இல்லை. ஓர் இளநிலை அலுவலர் தன் போக்கில் ‘நிறுத்திவிடுவோம்’ என்று மிரட்டவே கூடாது.

‘அந்த ஊருக்குக் கொடுத்தால் இந்த ஊருக்கும் அதே நேரத்தில்’ என்ற நிபந்தனையும் வரும். சிரியாவில் மதாயாவும் சபதானியும் அரசுத் தரப்பின் முற்றுகையில். ஃபுவாவும் கஃப்ராயாவும் கிளர்ச்சியாளர்களின் முற்றுகையில். நான்கையும் சேர்த்து 2015இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சமநீதி போலத் தெரிந்தது. நடைமுறையில், ஒரு ஊருக்கான வண்டி எங்காவது நின்றால் மற்ற ஊருக்கானதும் நின்றது. மதாயாவில் மக்கள் பட்டினியால் செத்த செய்தி உலகத்தை உலுக்கிய பிறகுதான் 2016 ஜனவரியில் நிவாரண லாரிகளின் அணி (கான்வாய்) உள்ளே போனது. தேவை எங்கே அதிகமோ அங்கே என்பதுதான் பாரபட்சமின்மை. தட்டுக்குத் தட்டு சமம் பார்ப்பது அதில் சேராது.

காகிதம் சாலைக்கு இறங்கும்போது

அனுமதிக் கடிதத்தில் லாரி எண், ஓட்டுநர் பெயர், சரக்கு அளவு, தேதி எல்லாம் இருக்கும். அரபி பேசும் ஒரு நாட்டில் எங்களுக்கு நடந்தது இது. கடிதத்தில் 14 லாரி. விடியற்காலையில் ஒன்றுக்கு கிளட்ச் போய்விட்டது. அவசரத்தில் வேறொரு லாரியில் மூட்டைகளை ஏற்றினோம். இரண்டு சாவடி கடந்தோம். மூன்றாவதில் நின்ற பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. பட்டியலில் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒன்பதாவது வண்டியில் விரல் நின்றது.

“இந்த நம்பர் இதில் இல்லை.”

“வழியில் கெட்டுப்போச்சு மகனே, மாற்று வண்டி இது” என்றார் எங்கள் மூத்த ஓட்டுநர்.

“எனக்குப் புரியுது ஹாஜி. ஆனா நாளைக்குக் கேட்டா நான் என்ன சொல்றது?”

அவன் கேட்டது சரியான கேள்வி. எங்களிடம் பதில் இல்லை. பட்டியலை மாற்றும் அதிகாரம் உள்ளவர் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார், தொலைபேசி எடுபடவில்லை. ஐந்து மணி நேரம். ஓட்டுநர் அடுப்பு மூட்டித் தேநீர் போட்டார், அவனுக்கும் ஒரு கோப்பை கொடுத்தார். கடைசியில் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு 13 வண்டிகளோடு கிளம்பினோம். இருட்டிவிட்டால் அந்தச் சாலையில் போகக் கூடாது.

அன்றிலிருந்து இரண்டு உதிரி வண்டிகளின் எண்களையும் சேர்த்தே அனுமதி வாங்குகிறேன். இன்னொன்று: மேலிருந்து வரும் கடிதத்தில் ‘நாளைக்குக் கேட்டால்’ அந்தப் பையன் காட்டுவதற்கு ஒரு நகல் இருக்க வேண்டும். சாவடிக்கு ஒரு நகல் என்ற கணக்கில் எடுத்துப் போங்கள். கையில் ஒரு தாள் இருந்தால் அவனுக்கும் தைரியம் வரும்.

வண்டி புறப்படும் முன் பாதையையும் நேரத்தையும் எல்லாத் தரப்புக்கும் தெரிவிக்கும் வழக்கம் உண்டு. தவறிக் குண்டு போடாமல் இருப்பதற்காக. அதைச் செய்துதான் ஆக வேண்டும், ஆனால் அதைக் கவசம் என்று நம்பிவிடக் கூடாது. 2016 செப்டம்பர் 19 அன்று சிரியாவின் அலெப்போ அருகே உரும் அல் குப்ராவில் தாக்கப்பட்ட 31 லாரி கான்வாய் பற்றி முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தது. குறைந்தது 10 பேர் இறந்தார்கள். அதனால் தெரிவித்த நேரம், பெற்றுக்கொண்டவர், அவர் சொன்ன பதில், மூன்றையும் அன்றன்றே எழுதி வையுங்கள். காப்பாற்றாவிட்டாலும், பிறகு ‘எங்களுக்குத் தெரியாது’ என்று யாரும் சொல்ல முடியாது.

சரக்கிலிருந்து சில பொருட்களை மட்டும் எடுத்துவிடச் சொல்வதும் நடக்கும். சிரியாவில் அறுவைச் சிகிச்சைப் பொருட்களைக் கான்வாயிலிருந்து இறக்கிவைத்தது பலமுறை பதிவான விஷயம். எதை எடுத்தார்கள், எத்தனை பெட்டி என்று ரசீது கேளுங்கள். தர மாட்டார்கள். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

மறுத்தால்

மறுப்பு பெரும்பாலும் ‘முடியாது’ என்று வராது. ‘அடுத்த வாரம் வாருங்கள்’, ‘கோப்பு பார்வையில் இருக்கிறது’, ‘பாதுகாப்பு நிலை சரியில்லை’ என்று வரும். எத்தனை நாள் ஆனது என்ற கணக்கைத் தேதியோடு வைத்துக்கொண்டால்தான் மேலே இருப்பவர்கள் அதை வைத்துப் பேச முடியும். தூதரகங்களும், அண்டை நாடுகளும், தாக்கம் உள்ள நாடுகளும் பேசும் இடம் அது. உங்கள் குறிப்பேடுதான் அவர்களின் தோட்டா. 2024 ஆகஸ்ட் 1 அன்று, தார்ஃபூரில் அல் ஃபாஷர் நகருக்கு அருகே, வீடிழந்தவர்கள் தங்கிய ஸம்ஸம் முகாமில் பஞ்சம் என்று பஞ்சத்தை மதிப்பிடும் நிபுணர் குழு உறுதிசெய்தது. அதே மாதம் ஜெனீவாவில் அமெரிக்கா, சவூதி, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகள் கூடிய பேச்சு நடந்தது. சூடான் ராணுவம் அதில் கலந்துகொள்ளவே இல்லை. ஆனாலும் 15ஆம் தேதி மூன்று மாதத்துக்கு அத்ரேயைத் திறப்பதாக அறிவித்தது. மேசைக்கு வராதவரோடும் பேரம் நடக்கும்.

அரசின் ஒப்புதலை ஓரங்கட்டி எல்லை தாண்டிய வழியும் உண்டு. 2014 ஜூலையில் பாதுகாப்பு கவுன்சிலின் 2165ஆம் தீர்மானம் சிரியாவுக்குள் நான்கு எல்லைச் சாவடிகளைத் திறந்தது. அரசுக்குத் தகவல் சொன்னால் போதும். வீட்டோ மிரட்டலில் 2020இல் நான்கு இரண்டாகி, பிறகு ஒன்றாகி, 2023 ஜூலையில் அதுவும் காலாவதியானது. அத்தகைய தீர்மானம் அபூர்வம். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வானிலிருந்து போடுவது? தொலைக்காட்சியில் நன்றாக இருக்கும். 1987 ஜூனில் இந்தியா அனுப்பிய படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்ப, மறுநாள் ஐந்து விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் சுமார் 25 டன் போட்டதை நம்மில் பலர் கேட்டிருப்போம். அரசியல் செய்தியாக அது பெரிய விஷயம். நிவாரணக் கணக்கில் பார்த்தால் ஒரு பெரிய லாரியின் சுமை.

உள்ளூர்க்காரர்களை மறந்துவிடாதீர்கள். சூடானில் தெருத்தெருவாக இளைஞர்கள் நடத்தும் ‘அவசர உதவி அறைகள்’ பொதுச் சமையல்கூடங்களுக்கு உயிர் கொடுக்கின்றன. நமக்கு மூன்று மாதம் ஆகும் அனுமதியை அவர்கள் தினமும் காலையில் அடுத்த தெருச் சாவடியில் பேசி வாங்குகிறார்கள். கைதாகிறவர்களும் அவர்கள்தான். அவர்கள் வாங்கி வைத்த நல்லெண்ணத்தின்மேல் உங்கள் கொடியை நடும் முன் அவர்களைக் கேளுங்கள்.

வண்டி திரும்பிய பிறகு

அனுமதித்தவருக்கு அன்றிரவே நன்றி சொல்லுங்கள். பெருநாளுக்கு வாழ்த்து அனுப்புங்கள். தேவை இருக்கும்போது மட்டும் அழைக்கும் எண்ணை யாரும் எடுப்பதில்லை. தளபதி மாறினால் எல்லாம் முதலிலிருந்து. அதனால் அவருடைய துணை ஆளையும் தெரிந்து வைத்திருங்கள்.

அனுமதிக்குக் கெடு இருந்தால், பாதி நாள் ஓடியதுமே நீட்டிப்புக் கடிதத்தை எழுதுங்கள். அத்ரே திறந்த அதே ஆகஸ்ட் மழையில் அல் ஜெனீனாவுக்குக் கிழக்கே மோர்னே பாலம் இடிந்து விழுந்தது. ஸம்ஸமுக்கு அந்த உணவு போய்ச் சேர நவம்பர் ஆகிவிட்டது. அதற்குள் மூன்று மாதக் கெடு முடியும் தறுவாய்க்கு வந்துவிட, போர்ட் சூடானில் இன்னொரு கையெழுத்துக்காக மறுபடியும் காத்திருந்தார்கள்.